குருத்தெலும்பும் அதன் செவிலித்தாயும்



செவிலிமேட்டிலிருந்து பல ஆண்டுகளாக இந்த இதழை வாசித்து, தறி வருமானத்தில் ஒரு சிறு பங்கைத் தவறாமல் அனுப்பிவரும் ஒரு பாட்டியம்மா, இம்முறை காணிக்கையோடு ஒரு கேள்வியையும் அனுப்பியிருக்கிறார்கள். அவர்களுடைய பேத்திக்கு ஒன்பது வயது. இரண்டு காதுகளும் தலையை ஒட்டாமல் வெளியே விரிந்து நிற்கின்றன. பள்ளியில் பிள்ளைகள் கேலி செய்வதால், தலைமுடியை இழுத்துக் காதை மூடிக்கொண்டுதான் அவள் வெளியே போகிறாளாம். “இப்போது கத்தி வைக்காமலே லேசரில் காதை மடக்கிவிடுகிறார்கள் என்று சொல்கிறார்கள். கடன் வாங்கியாவது செய்யலாமா? லேசர் பட்ட இடம் பழையபடி ஆறுமா?” என்று கேட்டிருக்கிறார்கள்.

இரண்டாவது கேள்விக்கு விடை தெரிந்தால்தான் முதல் கேள்விக்கு விடை சொல்ல முடியும். ஆகவே இந்த மாதப் பாடத்தை அந்த இரண்டாவது கேள்விக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

குருத்தெலும்பு என்பது என்ன?

உங்கள் காதின் மேல்பகுதியை விரலால் மடக்கி, பிறகு விட்டுப் பாருங்கள். சட்டென்று பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. இப்போது காது மடலின் கீழே, தோடு போடும் சோணையைத் தொட்டுப் பாருங்கள். அது வெறும் சதை போல மெத்தென்று இருக்கிறது. மேலே இருப்பது குருத்தெலும்பு. சோணையில் அது கிடையாது. மூக்கின் கீழ்ப்பாதியையும், இரு நாசிகளுக்கு நடுவே உள்ள சுவரின் முன்பகுதியையும் தாங்கி நிற்பது குருத்தெலும்பே. விலா எலும்புகளின் முன் நுனியிலும், மூச்சுக் குழாயிலும், மூட்டுகளிலும் அது உண்டு.

காஞ்சிபுரத்து வாசகர்களுக்கு அதன் அமைப்பைச் சொல்வது எளிது. விடியற்காலையில் தெருவில் பாவு விரித்து, கஞ்சி போட்டு, இழுத்துக் கட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். குருத்தெலும்பிலும் இழைகள் உண்டு. கொலாஜன் என்னும் புரதத்தால் ஆன அந்த இழைகள் பாவையும் ஊடையையும் போலப் பல திசைகளில் ஓடுகின்றன. காது மடலில் இவற்றோடு ரப்பர் போல நீளும் வேறு இழைகளும் கலந்திருக்கின்றன. மடக்கினால் அது நன்றாகத் துள்ளி எழுவதற்கு இவை துணை செய்கின்றன. இழைகளுக்கு நடுவே கஞ்சியைப் போல ஒரு கூழ்ப்பொருள் நிறைந்திருக்கிறது. இதைப் புரோட்டியோகிளைக்கன் என்பார்கள். தண்ணீரை ஈர்த்துப் பிடித்துக்கொள்வது இதன் வேலை. குருத்தெலும்பின் எடையில் பெரும்பங்கு தண்ணீர்தான். கூழ் நீரை உறிஞ்சி உப்பப் பார்க்கிறது. இழைகள் அதை உப்பவிடாமல் இழுத்துப் பிடிக்கின்றன. இந்த இரண்டு விசைகளும் சமமாக இருப்பதால்தான் காது விறைப்பாக நிற்கிறது.

இவற்றுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிறு குழிகளுக்குள் உயிரணுக்கள் இருக்கின்றன. இழையையும் கூழையும் உண்டாக்கிப் பராமரிப்பவை இவையே. எண்ணிக்கையில் குறைவு, இடம்விட்டு இடம் போகவும் முடியாது.

இரத்தம் இல்லாத திசு

கையில் வெட்டுப்பட்டால் இரத்தம் வருகிறது, உறைகிறது, பொருக்குக் கட்டுகிறது, ஆறுகிறது. ஆறுவதற்கு வேண்டிய எல்லாவற்றையும் இரத்தமே கொண்டுவந்து சேர்க்கிறது. குருத்தெலும்புக்குள் இரத்தக் குழாய் இல்லை, நரம்பும் இல்லை. அப்படியானால் அது எதைக்கொண்டு உயிர் வாழ்கிறது?

காதிலும் மூக்கிலும் குருத்தெலும்பின் இரு பக்கங்களையும் ஒட்டிக்கொண்டு மெல்லிய உறை ஒன்று இருக்கிறது. இரத்தக் குழாய்கள் அந்த உறையில்தான் ஓடுகின்றன. அங்கிருந்து ஊட்டம் கசிந்து உள்ளே போகிறது. உறையின் வெளியடுக்கு நாராலானது. உள்ளடுக்கில் புதிய குருத்தெலும்பை உண்டாக்கும் திறமையுள்ள உயிரணுக்கள் காத்திருக்கின்றன.

செவிலி என்ற சொல்லுக்கு வளர்ப்புத் தாய் என்று பொருள். பிள்ளைக்குப் பாலூட்டி, நோய் வந்தால் உடனிருந்து, வளர்த்து எடுப்பவள் செவிலித்தாய். இந்த உறை குருத்தெலும்புக்குச் செவிலித்தாய் போன்றது. இந்தப் பாடத்தில் ஒன்றை மட்டும் மறக்காமல் இருக்க வேண்டும் என்றால், இதை நினைவில் வையுங்கள்: உறை பிழைத்தால் குருத்தெலும்பு பிழைக்கும், உறை போனால் குருத்தெலும்பும் போகும்.

முழங்கால் மூட்டுக்குள் எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்புக்கு இத்தகைய உறை இல்லை. வில்லியம் ஹன்டர் என்னும் மருத்துவர் 1743-ஆம் ஆண்டு இலண்டனில் வெளியிட்ட கட்டுரையில், மூட்டுக் குருத்தெலும்பு ஒருமுறை அழிந்தால் மீளாது என்ற கருத்தை எழுதினார். முழங்கால் தேய்மானம் இன்றும் பெரிய தொல்லையாகவே இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். காதுக்கும் மூக்குக்கும் அந்த வகையில் நல்ல வாய்ப்பு உண்டு. அவற்றுக்குச் செவிலித்தாய் இருக்கிறாள்.

பழைய வளைவை மறக்காத திசு

குருத்தெலும்பை வளைத்துத் தைத்தாலும் அது பழைய வளைவுக்கே திரும்பப் பார்க்கும். ஒரு பக்கத்தைச் சீவினால், சீவாத பக்கத்தின் இழுவிசை மேலோங்கி, துண்டு கோணிக்கொள்ளும். கிப்சன், டேவிஸ் என்னும் இரு மருத்துவர்கள் 1958-இல் இதன் காரணத்தை விளக்கி, விசை இரு பக்கமும் சமமாக இருக்கும்படி செதுக்கினால் கோணாது என்று காட்டினார்கள். அதன் பிறகு மூக்கு, காது அறுவை சிகிச்சை செய்தவர்கள் கீறுவது, சீவுவது, தைப்பது என்று பல வழிகளில் இந்த விசையை வசப்படுத்தி வந்திருக்கிறார்கள். நல்ல பலனும் கிடைத்திருக்கிறது. ஆனாலும் வெட்டு வெட்டுதான். நம் நாட்டவரின் தோலில் காதுப் பக்கத்து வடு சிலருக்குத் தடித்து வளர்ந்துவிடுவதும் உண்டு. வெட்டாமல் அந்த விசையைத் தணிக்க வழி இருக்கிறதா என்று தேடியபோதுதான் லேசர் வந்தது.

லேசர் செய்வது என்ன?

பச்சை மூங்கிலை வளைப்பவரைப் பாருங்கள். அவர் அதை முறிப்பதில்லை. அனலில் வாட்டுகிறார், இளகியதும் வளைக்கிறார், ஆறும்வரை பிடித்துக்கொள்கிறார். ஆறியபின் அது வளைந்தபடியே நிற்கிறது. குறைவாக வாட்டினால் மீண்டும் நிமிர்ந்துவிடும். அதிகமாக வாட்டினால் கருகிவிடும்.

லேசரும் ஏறக்குறைய இதையே செய்கிறது. கிரேக்க நாட்டுக் கிரீட் தீவைச் சேர்ந்த ஹெலிடோனிஸ் என்னும் மருத்துவரும், ரஷ்ய விஞ்ஞானி எமில் சோபோலும், அவர்களோடு பணிபுரிந்தவர்களும் லேசர் சூட்டினால் குருத்தெலும்பைப் புதிய வடிவில் நிறுத்த முடியும் என்று 1993-இல் எழுதினார்கள். வளைத்துப் பிடித்த குருத்தெலும்பைச் சில விநாடிகள் சுமார் 60 முதல் 70 பாகை செல்சியஸ் வரை சூடாக்கினால், கூழோடு கட்டுண்டிருந்த நீரில் ஒரு பகுதி விடுபடுகிறது. உள்ளிருக்கும் இழுவிசை தளர்கிறது. சூடு தணிந்ததும் நீர் மறுபடி கட்டுண்டு, புதிய வளைவு நிலைபெறுகிறது.

ரஷ்யாவில் கோணலான மூக்கு நடுச்சுவரை இம்முறையில் நேராக்கிய அனுபவம் 2002-இல் வெளியாயிற்று. ஸ்பெயினின் டிரெல்லஸ், பிரான்சின் மோர்டன் ஆகியோர், விரிந்த காதுகளைத் தோலை வெட்டாமல் லேசரால் மடக்கியதை 2006-இல் எழுதினார்கள். அவர்கள் பயன்படுத்தியது கண்ணுக்குத் தெரியாத 1,540 நானோமீட்டர் அலைநீளக் கதிர். கதிர் தோலைக் கடந்து போகவேண்டியிருப்பதால், தோல் சுடாதபடி மேலே குளிர்வித்துக்கொண்டே செய்தார்கள். அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் பிரயன் வாங் என்னும் மருத்துவரின் குழுவும், தோலைக் குளிர்வித்தபடி முயல் காதுகளில் இதை நெடுங்காலம் சோதித்திருக்கிறது.

வடிவம் விநாடியில், ஆறுதல் மாதங்களில்

லேசர் பட்டதும் காது மடங்கிவிட்டதைப் பார்த்து, வேலை முடிந்துவிட்டது என்று எண்ணக் கூடாது. அப்போதுதான் ஆறும் வேலை தொடங்குகிறது. அது நடக்கும் விதம் இதுதான்.

முதலாவது, சூடு பட்ட புள்ளிகளில் உள்ள உயிரணுக்களில் ஒரு பகுதி இறந்துபோகிறது. இதைத் தவிர்க்க முடியாது. விசை தளர்வதற்கு வேண்டிய சூடும் உயிரணுவைக் கொல்லும் சூடும் மிக அருகருகே இருக்கின்றன. ஆகவே நல்ல மருத்துவர் முழுப் பரப்பையும் சுடுவதில்லை. இடைவெளிவிட்டுப் புள்ளி புள்ளியாகச் சுடுகிறார். நடுவே உயிருள்ள திட்டுகள் மீந்திருக்கின்றன.

இரண்டாவது, அடுத்த சில நாட்களில் காது சிவந்து வீங்குகிறது, தொட்டால் வலிக்கிறது. உறையின் இரத்தக் குழாய்கள் வழியாகத் துப்புரவு செய்யும் அணுக்கள் வந்து, கெட்டுப்போனவற்றை அகற்றத் தொடங்குகின்றன. வீக்கம் அளவோடு இருந்தால் அது ஆறுவதன் அடையாளமே. வலி நாளுக்கு நாள் கூடினாலோ, காய்ச்சலோ சீழோ வந்தாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மூன்றாவது, பின்வரும் வாரங்களில் உறையின் உள்ளடுக்கு உயிரணுக்கள் பெருகுகின்றன. உறை தடிக்கிறது. புதிய இழையும் கூழும் உண்டாகின்றன. மோர்டனின் குழு 2004-இல் முயல் காதுகளில் இத்தகைய பெருக்கத்தைக் கண்டு எழுதியது. லேசர் கொடுத்த வளைவை நிலையாக்குவது இந்தப் புது வளர்ச்சிதான். நெசவில் அறுந்த இழைகளை முடிந்து, புதிதாக ஊடை கொடுத்து, துணியை மறுபடி இறுக்குவது போன்றது இது.

நான்காவது, இந்த வாரங்கள் முழுவதும் காது புதிய வடிவில் அசையாமல் இருக்க வேண்டும். அதற்காகக் காதுக்கேற்ப வார்த்த சிலிக்கோன் அச்சு ஒன்றை முதலில் இரவும் பகலும், பிறகு இரவில் மட்டுமாகப் பல வாரங்கள் அணிவிக்கிறார்கள். இதைக் கழற்றி வைத்துவிட்டால், மிச்சமிருக்கும் பழைய விசை காதைத் திரும்ப விரித்துவிடும்.

ஐந்தாவது, கடைசியில் அந்த இடத்தில் உண்டாவது எல்லாம் முன்பிருந்த அதே குருத்தெலும்பு அல்ல. சில இடங்களில் உண்மையான குருத்தெலும்பு வளர்கிறது. சில இடங்களில் நார் வடு நிரப்புகிறது. சிறு அளவில் நார் இருந்தால் குற்றமில்லை. அதுவும் வடிவத்தைப் பிடித்துக்கொள்ள உதவும். ஆனால் சூடு மிஞ்சி உறையும் வெந்துபோனால், பழுதுபார்க்க ஆள் இல்லை. இறந்த குருத்தெலும்பு கரைந்து, அந்த இடம் மெலிந்து குழிவிழும். சூடு குறைந்தால் காது பழையபடி விரியும். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள வழி ஒடுக்கமானது.

ஆகவே பாட்டியம்மாவின் இரண்டாவது கேள்விக்கு விடை: ஆறும், ஆனால் அதை ஆற்றுவது லேசர் அல்ல. உயிரோடு விட்டுவைத்த உயிரணுக்களும், காயப்படாத உறையும், பல வாரப் பொறுமையும்தான் ஆற்றுகின்றன.

வேலூரில் ஒரு பழைய பாடம்

லேசர் வருவதற்கு நெடுங்காலம் முன்பே, நம் வட்டாரம் இதே பாடத்தை வேறொரு வழியில் கற்றிருக்கிறது. காஞ்சிபுரத்திலிருந்து மேற்கே போனால் வேலூர். அங்கே கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946-இல் வந்த டாக்டர் பால் பிராண்ட், மறு ஆண்டு செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்கு டாக்டர் ராபர்ட் காக்ரேனைப் பார்க்கப் போனார். அங்கே நோயாளிகளின் மடங்கிய விரல்களைக் கண்டு, அவர்களுக்கான அறுவை சிகிச்சையைத் தொடங்கினார். விரல்களைப் போலவே பலருக்குத் துயரம் தந்தது அமுங்கிப்போன மூக்கு. நோய் குணமான பிறகும், மூக்கைப் பார்த்தே ஊரார் விலகிப் போனார்கள். வேலை கொடுக்க மறுத்தார்கள்.

தொழுநோய்க் கிருமிக்கு உடலின் குளிர்ந்த பகுதிகள் பிடிக்கும். மூக்கின் உட்புறம் அப்படிப்பட்ட இடம். கிருமி அங்குள்ள மெல்லிய உட்சவ்வைப் புண்ணாக்கியது. ஊட்டம் கொடுத்த உறை அழிந்ததும், நடுச்சுவர்க் குருத்தெலும்பு தாங்க ஆளில்லாமல் கரைந்தது. மூக்கு உள்ளே விழுந்தது. முன்பு சிலர் நெற்றித் தோலை எடுத்து வெளியிலிருந்து புதிய மூக்கு கட்டினார்கள். ஆனால் இங்கிலாந்தின் சர் ஹெரால்ட் கில்லிஸ் வேறு ஒன்றைக் கண்டிருந்தார். வெளித்தோல் குறையவில்லை, சுருங்கிப்போனது உட்சவ்வுதான். மேலுதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே உள்வழியாகத் திறந்து சுருங்கிய வடுவை நீக்கினால், வெளித்தோல் பழைய அளவுக்கு விரிந்து வந்தது. வேறிடத்திலிருந்து எடுத்த மெல்லிய தோலை ஓர் அச்சின் மேல் சுற்றி உள்ளே பொருத்தினால், புதிய உட்புறம் கிடைத்தது. அதன் பிறகே மூக்குக்குத் தாங்கல் வைத்தார்கள். பிராண்டும் அவரோடு பணிபுரிந்தவர்களும் இம்முறையை நம் தொழுநோயாளிகளுக்குப் பயன்படுத்தினார்கள்.

முதலில் உறை, பிறகு தூண். வேலூரில் கற்றதும் இது, லேசர் ஆய்வுக்கூடத்தில் கண்டதும் இதுவே. 1980-களின் தொடக்கத்தில் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்த பிறகு, ஆரம்பத்திலேயே மருந்து எடுத்துக்கொள்பவருக்கு மூக்கு அமுங்கும் நிலை வருவது அரிதாகிவிட்டது. நோயை முன்னதாகக் கண்டுபிடித்து உறையைக் காப்பாற்றுவதே மிகச் சிறந்த சிகிச்சை.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

லேசர் எல்லாருக்கும் வேண்டியதில்லை. ஆனால் கீழே சொல்லும் மூன்றும் எந்த வீட்டுக்கும் பயன்படும்.

மூக்கில் அடி: விளையாட்டிலோ விழுந்தோ மூக்கில் அடிபட்ட பிள்ளைக்கு இரு நாசியும் அடைத்து, உள்ளே நடுச்சுவர் சிவந்து மெத்தென்று வீங்கியிருந்தால், உறைக்கும் குருத்தெலும்புக்கும் நடுவே இரத்தம் தேங்கியிருக்கலாம். செவிலித்தாயிடமிருந்து பிள்ளையைப் பிரித்தது போன்ற நிலை அது. சில நாட்களிலேயே குருத்தெலும்பு இறந்து மூக்கு அமுங்கிவிடும். ஒத்தடம் கொடுத்துக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். தேங்கிய இரத்தத்தை எடுத்துவிட்டால் மூக்கு பிழைக்கும். கபடி, மல்யுத்தம் ஆடுகிறவர்களுக்குக் காதில் இப்படி இரத்தம் கட்டினாலும் இதே விதி. விட்டுவிட்டால், பிரிந்த உறை அந்த இடத்தில் தாறுமாறாகப் புதிய குருத்தெலும்பை உண்டாக்கி, காது முண்டும் முடிச்சுமாகிவிடும்.

காது குத்துதல்: சோணையில் குத்தினால் ஆறுவது எளிது. மேல்காதில் குருத்தெலும்பைத் துளைத்துக் குத்தினால், கிருமி உறைக்குள் புகுந்து காதையே சுருக்கிவிடக்கூடும். மேலே குத்தத்தான் வேண்டும் என்றால், கிருமி நீக்கிய புது ஊசியால் குத்த வேண்டும். சோணையை விட்டு மேல்பகுதி மட்டும் சிவந்து வீங்கி வலித்தால் உடனே நகையைப் போட்டவரிடம் அல்ல, மருத்துவரிடம் போக வேண்டும்.

பிறந்த குழந்தை: குழந்தையைக் குளிப்பாட்டும்போது மூக்கைப் பிடித்து எடுப்பாக்கி, காதை நீவிவிடுவது நம் பாட்டிமாரின் வழக்கம். தினம் ஒரு நிமிடம் நீவுவதால் வடிவம் மாறாது. ஆனால் அவர்களுடைய எண்ணத்தில் ஓர் உண்மை உண்டு. பிறந்த சில வாரங்களுக்குத் தாயிடமிருந்து வந்த ஈஸ்ட்ரோஜன் குழந்தையின் இரத்தத்தில் இருப்பதால் காதுக் குருத்தெலும்பு மிக இளக்கமாக இருக்கும். அப்போது காதைச் சரியான வடிவில் அச்சு வைத்து ஒட்டிவைத்தால், லேசரும் கத்தியும் இல்லாமலே பல கோணல்கள் நேராகிவிடுகின்றன. ஜப்பானிய மருத்துவர் மட்சுவோ 1984-இல் இதை எழுதினார். ஆகவே குழந்தையின் காது மடங்கியிருந்தால் முதல் வாரத்திலேயே மருத்துவரிடம் காட்டுங்கள். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விட வேண்டாம்.

பாட்டியம்மாவுக்கு

உங்கள் முதல் கேள்விக்கு வருகிறோம், அம்மா. கடன் வாங்க வேண்டாம்.

பேத்தியின் காது விரிந்திருப்பதால் அவளுடைய செவிப்புலனுக்கு ஒரு குறையும் இல்லை. அது நோய் அல்ல. லேசர் முறை இன்னும் சில இடங்களில், பழகிய சில கைகளில் மட்டுமே நடக்கிறது. விளம்பரத்தைப் பார்த்துப் போகும் இடத்தில் கருவி இருக்கலாம். சூட்டை அளந்து கொடுக்கும் அனுபவம் இருக்கிறதா என்று உங்களால் அறிய முடியாது. காது மடக்கும் வழக்கமான அறுவை சிகிச்சையோ பல பத்தாண்டுகள் பழகியது. ஐந்து ஆறு வயதுக்குள் காது ஏறக்குறைய முழு அளவுக்கு வளர்ந்துவிடுவதால், ஒன்பது வயதில் அதைச் செய்யலாம். பதினைந்து வயதிலும் செய்யலாம். காலம் தவறிவிடும் என்ற பயம் வேண்டாம். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் ஒட்டறுவைச் சிகிச்சைப் பிரிவுகள் உண்டு. முதலில் அங்கே ஒருமுறை காட்டி யோசனை கேளுங்கள். உங்கள் குடும்பத்தில் யாருக்காவது வடு தடித்து வளரும் தன்மை இருந்தால், அதை மறக்காமல் சொல்லுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பேத்தியிடம் கேளுங்கள். சிகிச்சை வேண்டும் என்பது அவளுடைய விருப்பமா, நம்முடைய கவலையா? அவளுக்கே வேண்டும் என்றால்தான் வாரக்கணக்கில் கட்டோ அச்சோ போட்டுக்கொண்டு பொறுத்திருப்பாள். அந்தப் பொறுமை இல்லாமல் எந்த முறையும் பலன் தராது. அதற்கிடையில் வகுப்பாசிரியையைப் பார்த்துக் கேலியை நிறுத்தச் சொல்லுங்கள். அதற்குச் செலவில்லை, பலன் அன்றே தெரியும்.

பாடத்தின் சுருக்கம்

1. குருத்தெலும்புக்குச் சொந்த இரத்தம் இல்லை. அதன் உறையே ஊட்டுகிறது, ஆற்றுகிறது.

2. லேசர் சூடு உள்விசையைத் தளர்த்தி வடிவத்தை மாற்றுகிறது. கூடினாலும் குறைந்தாலும் கெடுதல்.

3. வடிவம் விநாடிகளில் வரும். அதை நிலைநிறுத்தும் புது வளர்ச்சிக்குப் பல வாரங்களும், அச்சும், பொறுமையும் வேண்டும்.

4. மூக்கிலோ காதிலோ அடிபட்டு வீங்கினால் அன்றே காட்ட வேண்டும்.

5. பிறந்த குழந்தையின் காதுக் கோணலை முதல் வாரங்களிலேயே கவனிக்க வேண்டும்.

இந்தப் பக்கத்தை வெட்டி எடுத்து, பிள்ளைகள் உள்ள வீட்டில் கொடுங்கள். உங்கள் கேள்விகளையும் எழுதி அனுப்புங்கள்.